இரண்டாவது பூச்சு

போன் வந்தபோது தமிழ்மாறன் ஒரு கழுத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்கு மாதமாக அந்தக் கழுத்து கித்தானில் அப்படியே நிற்கிறது. தோள் வந்துவிட்டது. இடுப்பின் வளைவு வந்துவிட்டது. தரையைத் தொடாமல் தூக்கிய இடது காலும் வந்துவிட்டது. கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் துணி. அந்த இடத்தில் வெள்ளையைத் தடவி எப்படி முடிப்பது என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முப்பது வருஷமாக அதைத்தான் செய்துவருகிறார். இந்த முறை தூரிகையை எடுக்கவே கை போகவில்லை.

"சார், வெற்றிச்செல்வி பேசுறேன். கோயில்லேர்ந்து."

"சொல்லும்மா."

"உங்க பொம்பள ஒருத்தி இங்க மேக்கூரையில இருக்கா சார்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"நெசமாத்தான். அதே இடுப்பு, அதே தூக்குன காலு. முகமும் இல்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும் சார். ஆலோசகருன்னு பேரு போட்டு நாலு மாசமாச்சு, இன்னும் ஏணியில ஏறவே இல்ல நீங்க."

வெற்றிச்செல்வி அரியலூர்க்காரி. பழைய சுவர் ஓவியங்களை மூடியிருக்கும் சுண்ணாம்பை நீக்கி வெளியே கொண்டுவரும் வேலையைப் படித்தவள். கீழப்பழுவூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலின் முன்மண்டபத்தில் சித்திரையிலிருந்து வேலை செய்கிறாள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓவியங்கள் என்று சொன்னாள். போன மாதம் ஒரு மூலையில் எழுத்து கிடைத்தது. 'அய்யம்பெருமாள் எழுதினது.' அந்த ஆளைப் பற்றி வேறு ஒரு தகவலும் யாருக்கும் தெரியாது.

"வரேன்" என்றார் தமிழ்மாறன்.

சட்டையை மாட்டும்போது மனைவி அம்சவள்ளி வாசலில் நின்று அந்தக் கழுத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பொம்பளைக்குத்தான் மூஞ்சி வைக்க மாட்டேங்கிறீங்க. அந்த மூஞ்சியெல்லாம் சேத்து வச்சு எங்கிட்ட ஏன் காட்டுறீங்க?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஜன்னலோரம் கிடைத்தது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஒதியம் தாண்டுவதற்குள் ரஞ்சித்குமார் கூப்பிட்டான். சென்னையில் அவருடைய படங்களை விற்பவன். அடுத்த மாதம் அவருடைய முப்பது வருஷ ஓவியங்களை ஒரே இடத்தில் கண்காட்சி வைத்து, புத்தகமும் போடப்போகிறவன்.

"சார், போட்டோ பாத்தேன்."

"உனக்கு யாரு அனுப்புனா?"

"ஊருக்கே வந்திருச்சு சார், எனக்கு வராதா? எப்பேர்ப்பட்ட விஷயம் தெரியுமா இது? இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாஸ்டர், முகமே இல்லாம ஒரு பொண்ண வரைஞ்சிருக்காரு. அந்த ஊர்ப் பக்கத்துலயே பொறந்த ஒருத்தர் இன்னிக்கி அதையே வரையுறாரு. புத்தகத்துல மொதப் பக்கம் அந்த அய்யம்பெருமாள், ரெண்டாம் பக்கம் நீங்க. வேற ஒண்ணும் எழுதவே வேணாம்."

"அவரு முகம் இல்லாம வரைஞ்சாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"போட்டோல இல்லையே சார். அது அப்படியே இருக்கட்டும். அதத் தொடாம விடச் சொல்லுங்க. நீங்கதான ஆலோசகர்?"

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தார். மக்காச்சோளக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அவருடைய முகமில்லாத பெண்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களின் துக்கம் என்றார் ஒருவர். நகரம் மனிதனின் முகத்தைத் தின்றுவிட்டது என்றார் இன்னொருவர். இத்தாலியப் பழைய ஓவியர்களின் சாயல் அந்தத் தோளில் இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் மூன்று பக்கம் எழுதினார். எதையும் இவர் மறுத்ததில்லை. கேள்வி கேட்டால் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தையும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

உண்மையில் அது தொடங்கியது இதே கோயிலில், ஒரு சித்திரை மாதம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், கோயில் முழுக்க வெள்ளையடிக்க வேண்டும். அப்பா உத்திராபதி சுற்று வட்டாரத்தில் வெள்ளையடிப்பவர். அவர்கள் தெருக்காரர்கள் அந்தக் கோயிலுக்குள் போவதில்லை, தேர் வரும்போது ஏரிக்கரையில் நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் தாழ்வான முன்மண்டபக் கூரைக்கடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் சுண்ணாம்பு வழிய அடிப்பதற்கு வேறு ஆள் வரவில்லை. அதனால் வடக்குப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக அப்பாவையும் மகனையும் உள்ளே விட்டார்கள். ஒரு இடம் விடாமல் அடி என்று சொன்னார்கள். கூரையில் கரி பிடித்திருந்தது. கரிக்குள் ஏதோ பொம்மைகள் இருந்தன. பொம்மையை விட்டுவிட்டு அடி என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெண் வடகிழக்கு மூலையில் இருந்தாள். அப்பாவின் வெள்ளையடிக்கும் மட்டை நீளமாக இழுத்துக்கொண்டே வந்து, அவள் முகத்தின்மேல் போய் நின்றது. வாளியில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கரைத்துக்கொண்டு வருகிறேன் என்று அப்பா இறங்கிப் போனார். தமிழ்மாறன் மட்டும் பலகையில் கிடந்தார். முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அவள்.

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடியில் இருப்பதை மறைக்காது. காய்ந்தால்தான் வெளுக்கும். ஈரத்துக்குள்ளிருந்து அவள் கண்கள் தெரிந்தன. கையில் மட்டையோடு, உள்ளே வரக்கூடாத இடத்தில் படுத்திருக்கும் ஒருவனை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியவில்லை. தன் வாளியின் அடியில் மிச்சமிருந்ததைத் தோய்த்து அவள் முகத்தின்மேல் மறுபடி அடித்தார். கண்கள் போகும்வரை அடித்தார். அதற்கப்புறம் பயமில்லாமல் அவளைப் பார்க்க முடிந்தது. தோளை, இடுப்பை, தூக்கிய காலை. அப்பா வருவதற்குள் அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. வந்த அப்பா, "பாத்தது போதும், அடி" என்றார். அடித்தார்கள்.

அடுத்த வருஷம் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் பரீட்சையில் அவர் போட்ட படத்தைப் பார்த்து வாத்தியார் கேட்டார், "முகத்த ஏன் விட்டே?" இவர் பேசாமல் நின்றார். வாத்தியார் நிறைய மதிப்பெண் போட்டார். அன்று மாட்டியதுதான்.

*

கோயில் வாசலில் செல்லதுரை காத்திருந்தார். திருப்பணிக் குழுவுக்குத் தலைவர். எழுபது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் போன்.

"வாங்க சார், வாங்க. பேப்பர்ல போட்டோ பாத்திருக்கேன், நேருல கொஞ்சம் கறுப்பாத் தெரியிறீங்க. பஸ்ஸுலயா வந்தீங்க? சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே."

"பரவால்லங்க."

"நம்ம பக்கந்தான்னு சொன்னாங்க. எந்த ஊரு?"

"பக்கத்துலதாங்க."

"அப்ப கோயிலுக்கு முன்ன வந்திருப்பீங்களே?"

"ஒரு தடவ."

"சாமி கும்பிடவா?"

தமிழ்மாறன் செருப்பைக் கழற்றினார். அதற்குள் செல்லதுரைக்குப் போன் வந்துவிட்டது.

மண்டபத்துக்குள் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டியிருந்தார்கள். கூரைக்கும் பலகைக்கும் இரண்டடிகூட இருக்காது. ஐம்பத்திரண்டு வயதில், இந்த உடம்போடு, அவர் ஏணியில் ஏறிப் பலகையில் மல்லாந்து குதிகாலால் உந்தி உந்தி மூலைவரை போனார். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் கம்பு. வெற்றிச்செல்வி பின்னாலேயே ஏறி வந்து, அவருக்கும் ஏணிக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். அவள் இறங்கினால்தான் இவர் இறங்க முடியும்.

"விளக்கு போடுறேன் சார். கண்ண மூடித் தொறங்க."

திறந்தார்.

அவள் இருந்தாள். ஒரு கோடு மாறவில்லை. காவிச் சிவப்பில் ஒரே இழுப்பாக வந்த தோள். தன் கையால் ஆயிரம் தடவை இழுத்த கோடு அது. இழுத்த ஒவ்வொரு தடவையும் இதில் கால்வாசிகூட வந்ததில்லை என்று இப்போது தெரிந்தது. ஒன்று மட்டும் அவர் நினைத்த மாதிரி இல்லை. அவள் தனியாக இல்லை. அவளுக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ரெண்டு பேர். எல்லார் இடுப்பிலும் குடம். அன்று கரிக்குள் அதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. தூக்கிய கால் ஆட்டத்துக்கான கால் இல்லை, வரிசையில் நடக்கிற கால். அவர் தனிமை என்று முப்பது வருஷம் வரைந்தது தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற ஒரு கும்பலின் நடுவில் இருந்தது.

கழுத்துக்கு மேலே வெள்ளைத் திட்டு.

"இங்க பாருங்க சார்" என்று வெற்றிச்செல்வி குச்சியால் காட்டினாள். "மத்த எடமெல்லாம் ஒரே பூச்சு. முகத்துல மட்டும் ரெண்டு. ரெண்டும் வேற வேற கை. மொதக் கை நல்லா பழகுன கை, நீளமா இழுக்குது. ரெண்டாவது கைய பாருங்க, சின்னச் சின்னதா, மேல மேல. எடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம், மறுபடி எடப்பக்கம். வெள்ளையடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான். யாரோ வேணும்னே இந்த முகத்த மறைச்சிருக்காங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு முடிவு வேணும் சார். தட்டிப் பாத்தேன், அடியில காரை கல்லுலேர்ந்து விட்டிருக்கு. எடுத்தா முகம் கிடைச்சாலும் கிடைக்கும், சுண்ணாம்போட சேந்து பேந்துக்கிட்டும் போகும். குழுவுல ரெண்டு பேச்சு. கெடக்கட்டும்னு பாதிப் பேரு. சுரண்டிட்டு உங்களையே புது முகம் எழுதச் சொல்லணும்னு மீதிப் பேரு. நீங்க சொல்றதப் பதிவேட்டுல எழுதிக்கிட்டு அதும்படி செய்யலாம்னு விட்டுட்டாங்க."

கீழே யாரோ பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வி அவசரப்படுத்தாமல் குச்சியின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொட வேண்டாம் என்று ஒரு சொல் போதும். காரை விட்டிருக்கிறது, காரணமும் கையில் இருக்கிறது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இவள் இப்படியே இருப்பாள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மகாகலைஞன் முகமில்லாமல் ஒரு பெண்ணை எழுதினான் என்று ரஞ்சித்குமார் புத்தகத்தில் போடுவான். நாளைக்கு அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் முகமில்லாமல் வரைவார்கள். வீட்டில் காத்திருக்கும் கழுத்தின்மேல் தானும் வெள்ளையைத் தடவி முடிக்கலாம், அடுத்ததைத் தொடங்கலாம், அதன்மேலும் தடவலாம். சாகிறவரை.

எடுக்கச் சொன்னால்? ஒரு பொடியன் பயந்துபோய் அடித்த சுண்ணாம்பு அத்தனை படங்களின் கழுத்துக்கு மேலும் தெரியும். அவ்வளவுதான் தமிழ்மாறன் என்று ஆகிவிடும்.

சுவர் தோளை இடித்தது. புரண்டு படுக்க இடமில்லை. அய்யம்பெருமாளும் இப்படித்தான் மல்லாந்து கிடந்திருப்பான் என்று தோன்றியது. கண்ணில் வர்ணம் சொட்டச் சொட்டக் கிடந்துதான் இவளை எழுதியிருப்பான். எழுதியவனுக்கும் மூடியவனுக்கும் ஒரே இடம்தான்.

"ரெண்டாவது பூச்சு நான் அடிச்சது" என்றார்.

வெற்றிச்செல்வியின் நெற்றி விளக்கு அவர் பக்கம் திரும்பியது. கண் கூசியது.

"மொதப் பூச்சு எங்கப்பா. எனக்குப் பதினெட்டு வயசு."

"எதுக்கு சார் அடிச்சீங்க?"

"பாத்துக்கிட்டே இருந்தா."

விளக்கு மெதுவாகக் கூரைக்குத் திரும்பியது. "எடுக்கவா?" என்றாள்.

"எடு."

*

மூன்று மணி நேரம் ஆனது. பஞ்சு சுற்றிய குச்சியால் நனைத்து, ஊறவிட்டு, அறுவைச் சிகிச்சைக் கத்தியின் நுனியால் அரிசி அளவுக்கு நெம்பி எடுத்தாள். ஒவ்வொரு துணுக்கும் அவர் நெஞ்சில் விழுந்தது. அவர் இறங்க முடியாது, எழுந்து உட்காரவும் முடியாது. முதுகு மரத்துப்போனது. ஒருமுறை கொஞ்சம் பெரிய சில்லு ஒன்று பேர்ந்து விழுந்தது. அவள் கை நின்றுவிட்டது.

"வலது கண்ணு போச்சு சார்" என்றாள் மெல்ல.

அவர் அந்தச் சில்லை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் ஒரு கறுப்புப் புள்ளி.

"மேல செய்யி."

முதலில் மூக்கு வந்தது, பெரிய மூக்கு. அப்புறம் இடது கண். அப்புறம் வெற்றிச்செல்வி திடீரென்று சிரித்துவிட்டாள். பலகை ஆடியது.

"சார், இவ வெத்தல போட்டிருக்கா."

இடது கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் சிவப்பாக ஒரு சின்னக் கசிவு. வாய் பாதி திறந்து, முன்னால் போகிறவளை ஏதோ திட்டப்போகிற மாதிரி இருந்தது. சீக்கிரம் நடடி என்றுகூட இருக்கலாம். கழனியில் நடவு முடித்து வரும்போது அவர் தெருப் பெண்கள் இப்படித்தான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வருவார்கள். இவளை அய்யம்பெருமாள் எங்கே பார்த்திருப்பான்? ஓவியத்தின் மேல் வரிசையில் சாமி ஊர்வலம் போகிறது. அதற்குக் கீழே, கோயிலுக்குள், யாரும் நிமிர்ந்து பார்க்காத மூலையில் இவர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

மிஞ்சியிருந்த ஒரு கண்ணைத் தமிழ்மாறன் தேடினார். அது அவரைப் பார்க்கவில்லை. தலையை நகர்த்தி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும், அது முன்னால் போகிறவளின் முதுகைத்தான் பார்த்தது. அன்றைக்கும் அதைத்தான் பார்த்திருக்கும். முப்பத்துநாலு வருஷம் அவர் யாருடைய பார்வைக்குப் பயந்தாரோ, அவளுக்கு அவர் அங்கே கிடந்ததே தெரியாது.

"சார், அழுவுறீங்களா?"

"சுண்ணாம்பு."

*

கீழே இறங்கியதும் சட்டையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். செல்லதுரை தன் போனில் வெற்றிச்செல்வி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, நல்லாத்தான் வந்திருக்கா. வெத்தலையும் வாயுமா, எங்க பாப்பாயி அத்தைதான் போங்க. அந்த ஒரு கண்ண மட்டும் நீங்க எழுதிக் குடுத்துருங்க சார். கண்ணு தொறக்குற அன்னிக்கி மேளம் வச்சு ஜமாய்ச்சிருவோம்."

"என்னால ஆவாதுங்க."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நம்ம மாவட்டத்துல வேற யாரு இருக்கா?"

தமிழ்மாறன் பதிவேட்டை வாங்கினார். சேதத்தின் விவரம் என்று இருந்த கட்டத்தில் வெற்றிச்செல்வி ஒரு கண் இழப்பை எழுதியிருந்தாள். அதன் கீழே அவர் எழுதினார். 'முகத்தின் மேல் முதல் பூச்சு, உத்திராபதி. இரண்டாவது பூச்சு, அவர் மகன் தமிழ்மாறன்.' ஆலோசகர் கையெழுத்துப் போடும் இடத்திலும் அதே பெயரை எழுத வேண்டியிருந்தது. எழுதினார்.

செல்லதுரை எட்டிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியை மேலே தூக்கி மறுபடி படித்தார்.

"உத்திராபதின்னா... வெள்ளையடிப்பானே, அவன் மவனா?" என்றவர் உடனே, "அவரு மகனா நீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"ஓ."

செல்லதுரை போனைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "அன்னிக்கி அடிக்கச் சொன்னது எங்கய்யாதான்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. மேளத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

தமிழ்மாறன் விடைபெற்றுக்கொண்டு நடந்தார். கால்கள் தாமாகவே வடக்குப் பக்கம் போயின. சின்ன வாசல் இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு, எல்லாரும் பார்க்க முன்வாசல் வழியாக வெளியே வந்தார்.

அரியலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ரஞ்சித்குமார் கூப்பிட்டான்.

"என்ன சார், தொடாம விடச் சொல்லிட்டீங்கல்ல?"

"அவளுக்கு முகம் இருக்கு."

"எடுத்துட்டாங்களா?"

"எடுக்கச் சொன்னேன். வெத்தல போட்டிருக்கா."

அந்தப் பக்கம் ஏசி ஓடும் ஒலி மட்டும் கேட்டது.

"அப்ப நம்ம படங்கள என்னன்னு சார் சொல்றது?"

"சுண்ணாம்புன்னு சொல்லு."

போனை வைத்தார். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கம் இத்தனூண்டு இடத்தில் தோளை இழுத்தார். கழுத்தை இழுத்தார். உப்பிய கன்னம் கண்ணுக்குள் அத்தனை தெளிவாக இருந்தது. பென்சில் கழுத்தில் நின்றது. மேலே போகவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டார், பஸ் குலுங்கியது, மறுபடி ஓடியது. பென்சில் அங்கேயே நின்றது.

டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரிப் புழுதியில் வெளியே எதுவும் தெரியவில்லை. பெரம்பலூர் வரும்வரை அவர் கவனிக்கவில்லை. வலது கை மட்டும் முழங்காலின்மேல் இடமிருந்து வலமாகப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தது. சின்னச் சின்னதாக, மேல மேல.